உங்களுக்குப் பிடித்த பெரிய எண் எது, ஏன்?

277777788888899.

பதினைந்தே இலக்கங்கள்தான். பிரம்மாண்டம் என்றால் இதைவிடப் பெரிய எண்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் பலவற்றுக்கு நீளத்தைத் தவிர வேறு பெருமை கிடையாது. இது அப்படியல்ல.

ஓர் எண்ணின் இலக்கங்களை ஒன்றோடொன்று பெருக்குங்கள். வருகிற விடையின் இலக்கங்களையும் பெருக்குங்கள். ஒற்றை இலக்கம் வரும்வரை விடாதீர்கள். 39 என்றால் 27, 14, 4, மூன்றே படி. நம் எண்ணோ இப்படி இறங்குகிறது: 4996238671872, 438939648, 4478976, 338688, 27648, 2688, 768, 336, 54, 20, 0. மொத்தம் பதினொரு படிகள். பதினொரு படிகள் தாங்கும் எண்களில் மிகச் சிறியது இதுதான். பன்னிரண்டு தாங்கும் எண்ணை இதுவரை யாரும் கண்டதில்லை. 20,000 இலக்கங்களுக்கும் மேல் கணினியால் தேடியாயிற்று. முழு எண் தொடர்களின் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிய நீல் ஸ்லோன் 1973-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அப்படி ஓர் எண் கிடையாது என்ற ஊகம் இன்றும் நிரூபிக்கப்படாமலே இருக்கிறது.

பெரிய எண் கூடுதல் படிகள் தாங்கவேண்டாமா என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. வழியில் ஒரே ஒரு பூஜ்யம் தலைகாட்டினால் அடுத்த படியில் கதை முடிந்தது. நூறு இலக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் அதில் பூஜ்யமே இல்லாமலிருக்க வாய்ப்பு சுமார் 38,000-இல் ஒன்று. ஆயிரம் இலக்கங்கள் என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம். எண் நீள நீள ஆபத்தும் கூடுகிறது.

இன்னொரு கண்ணி 5. அதனுடன் ஓர் இரட்டை இலக்கம் சேர்ந்தால் பெருக்கற்பலன் பூஜ்யத்தில்தான் முடியும். அதனால்தான் நம் எண்ணில் 5 இல்லை. 1 இருந்தால் வீண் இடம், அதுவும் இல்லை. 2, 7, 8, 9 மட்டுமே. தேடுபவர்களுக்கும் இது பெரிய உதவி. எல்லா எண்களையும் சோதிக்க வேண்டாம். 2, 3, 7 ஆகியவற்றை மட்டும், அல்லது 3, 5, 7 ஆகியவற்றை மட்டும் பகாக் காரணிகளாகக் கொண்ட பெருக்கற்பலன்களைப் பார்த்தால் போதும்.

"இது பத்தடிமான எண் முறையின் தற்செயல், உண்மையான கணிதமல்ல" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 0, 1 மட்டுமே உள்ள ஈரடிமானத்தில் இந்த விளையாட்டு ஒரே படியில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும் பள்ளிக் குழந்தைக்கும் புரிகிற ஒரு கேள்விக்கு நிரூபணம் கிடைக்கவில்லையே! அந்தக் குறையை முகச்சுளிப்பால் மறைக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. 27777789999999999 என்ற பதினேழு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பெருக்கற்பலன் 937638166841712. நம் எண்ணின் 4996238671872-க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அடுத்த படியில் இரண்டும் 438939648-இல் வந்து சேர்கின்றன. இந்த இரண்டு பெருக்கற்பலன்களிலும் பொதுவாக உள்ள இலக்கங்களை அடித்துவிட்டுப் பாருங்கள்: ஒன்றில் 2, 9 மிஞ்சும், மற்றதில் 3, 6, இரண்டு 1. பெருக்கினால் இரண்டு பக்கமும் 18.