ஹோம்கமிங் செலவு: பள்ளி கேட்பது எது, வழக்கம் கேட்பது எது?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் எங்கள் மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். உடன் படிக்கும் பையன் ஒருவன் அட்டையில் வாசகம் எழுதிக்கொண்டு வந்து ஹோம்கமிங் நடனத்துக்கு அழைக்க, இவளும் சம்மதித்துவிட்டாள். இப்போது அந்தப் பையனின் தாயார், "மம் எந்த அளவில் வேண்டும்?" என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு நாங்கள் கார்டர் வாங்க வேண்டுமாம். உடை, காலணி, பூ, விருந்து எல்லாவற்றையும் கூட்டினால் 600 டாலரைத் தாண்டுகிறது. இவற்றில் எது கட்டாயம்?

பதில்: பள்ளி கேட்கும் பணம் என்பது நடனத்தின் நுழைவுச்சீட்டு மட்டுமே. மற்றவை அனைத்தும் வழக்கம் சார்ந்தவை. அவற்றைக் குறைக்கவும் தவிர்க்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஹோம்கமிங் என்பது பழைய மாணவர்கள் தம் கல்விக்கூடத்துக்குத் திரும்பி வரும் இலையுதிர்கால விழா. இதை முதலில் தொடங்கியவர்கள் நாங்களே என்று பேய்லர் (1909), இலினாய் (1910), மிசௌரி (1911) பல்கலைக்கழகங்கள் இன்றும் உரிமை கொண்டாடுகின்றன. உயர்நிலைப் பள்ளிகளில் அது ஒரு வாரக் கொண்டாட்டம்: நாளுக்கொரு வேடம், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து, சனிக்கிழமை இரவு நடனம். நுழைவுச்சீட்டு பல பள்ளிகளில் 20 முதல் 40 டாலருக்குள் இருக்கும். கடைசி நாட்களில் விலை ஏற்றுவதும், வாசலில் விற்காமல் இணையத்தில் மட்டும் விற்பதும் உண்டு என்பதால் அதை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். வேறு பள்ளி மாணவரை அழைத்துச் செல்வதாக இருந்தால் விருந்தினர் படிவமும் அதற்கான கெடுவும் தனியே இருக்கும்.

உங்களைத் திகைக்க வைத்திருக்கும் மம், பெரும்பாலும் டெக்சாஸுக்கு உரிய வழக்கம். கலிஃபோர்னியாவில் இருக்கும் உறவினரிடம் கேட்டால் அவரும் விழிப்பார். ஒரு காலத்தில் பையன் பெண்ணுக்குக் கொடுத்த ஒற்றைச் செவ்வந்திப் பூதான் அது. இன்று துணியில் செய்த பெரிய பூ, அதன் நடுவே ஒரு சிறு கரடிப் பொம்மை, அதிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் பள்ளி நிற ரிப்பன்கள், பின்னல்கள், குட்டிக் குட்டி மணிகள், மின்கல விளக்குகள், ஒரு ரிப்பனில் அவள் பெயர், இன்னொன்றில் அவன் பெயர் என்று வளர்ந்து, ஊக்கால் குத்த முடியாத எடையாகிக் கழுத்தில் மாட்டும் நிலைக்கு வந்துவிட்டது. கார்டர் என்பது பையன்கள் மேற்கையில் அணியும் அதன் சிறிய வடிவம். பையன் வீட்டார் மம், பெண் வீட்டார் கார்டர் என்னும் இந்தப் பரிமாற்றம் நம்மவர் கண்ணுக்குச் சம்பந்தி வீட்டு வரிசைத்தட்டு போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் திருப்பிச் செய்தே தீர வேண்டிய முறை எதுவும் இதில் இல்லை.

விலை வேறுபாடு மிகப் பெரியது. எளிய மம் 100 டாலருக்குள் கிடைக்கும். மூன்று பூக்களும் விளக்குகளுமாக 300, 400 டாலரைக் கடப்பவையும் உண்டு. கடைக்காரர் சொல்லும் தொடக்க விலையை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள்: படிவத்தில் குட்டி மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, கரடிக்கு ஒரு விலை, கூடுதல் பின்னலுக்கு ஒரு விலை என்று தனித்தனியே ஏறும். மொத்தத் தொகை, வாங்கிக்கொள்ளும் நாள், முன்பணம் திரும்புமா என்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். வீட்டிலிருந்தபடி செய்து விற்பவர்களிடம் இது இன்னும் முக்கியம், ஏனெனில் மம் பள்ளிக்கு அணியப்படுவது ஆட்டம் நடக்கும் அந்த ஒரு நாளில்தான். மறுநாள் வந்து சேரும் மம்மினால் ஒரு பயனும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒற்றைப் பூ போதும், அதுவே முறையும்கூட. வகுப்பு உயர உயர அளவு பெருகும். முழு வெள்ளையும் வெள்ளி நிறமும் பல பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பினருக்கு உரியவை. அழகாக இருக்கிறதே என்று இப்போதே வெள்ளையில் செய்துவிட்டால், மகள்தான் பள்ளியில் சங்கடப்படுவாள். கைவேலையில் ஆர்வம் இருந்தால் கார்டரை வீட்டிலேயே செய்யலாம்: மைக்கேல்ஸ், ஹாபி லாபி போன்ற கடைகளின் டெக்சாஸ் கிளைகளில் இந்தப் பருவத்தில் இதற்கென்றே பொருட்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ரிப்பன் மடிக்கவும் சூடான பசைத்துப்பாக்கியைப் பிடிக்கவும் தெரிந்தால் ஒரு மாலைப்பொழுது வேலை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. மம்மை நடனத்துக்கு அணிவதில்லை. அங்கே பெண்ணின் மணிக்கட்டில் கட்டும் சிறு பூங்கொத்தான கோர்சாஜ், பையனின் சட்டையில் குத்தும் பூவான பூட்டனியர் என்று உண்மைப் பூச்செலவு மறுபடி வரும். கோர்சாஜ் மட்டுமே 25 முதல் 50 டாலர்வரை ஆகலாம். இரண்டில் ஒன்று போதும் என்று இரு வீட்டாரும் பேசிக்கொள்வதில் தவறில்லை. அந்தத் தாயாருக்கு இன்றே இப்படிப் பதில் எழுதுங்கள்: "எங்களுக்கு இது முதல் முறை. ஒற்றைப் பூவில் சிறிய மம் போதும், கார்டரையும் அதற்கு ஏற்ற அளவில் செய்கிறோம். இரு பக்கமும் 75 டாலருக்குள் வைத்துக்கொள்ளலாமா?" தொகையை வெளிப்படையாகச் சொல்வதை இங்கு யாரும் குறையாக எண்ணுவதில்லை, பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் நிம்மதிப் பெருமூச்சே வரும்.

கேள்வி: கலிஃபோர்னியா மாநிலம் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறோம். மகள் ஒரு கடையில் 140 டாலருக்கு உடை வாங்கினாள். அதே உடையைத் தோழி ஒருத்தியும் வாங்கியிருப்பது மறுநாள் தெரிந்ததால் வேண்டாம் என்கிறாள். கடையில் பணம் தர மறுக்கிறார்கள். எதையும் மூன்று நாட்களுக்குள் திருப்பலாம் என்று மத்திய அரசின் சட்டமே இருப்பதாக நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பலரும் நம்பும் தவறான செய்தி. அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் (FTC) மூன்று நாள் விதி, வீட்டுக்கே வந்து விற்பவர்களிடமும் விடுதி அரங்கு போன்ற தற்காலிக இடங்களிலும் வாங்கியவற்றுக்கே பொருந்தும். நாமே தேடிச் சென்று நிலையான கடையில் வாங்கிய உடைக்கு அது பொருந்தாது.

ஆனால் உங்கள் மாநிலச் சட்டம் கைகொடுக்கக்கூடும். ஏழு நாட்களுக்காவது பணத்தைத் திருப்பித் தரவோ மாற்றிக் கொடுக்கவோ செய்யாத கடை, அந்தக் கட்டுப்பாட்டை வாடிக்கையாளர் கண்ணில் படுமாறு எழுதி வைத்திருக்க வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா. அப்படி வைக்கத் தவறியிருந்தால், வாங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பொருளைக் கொடுத்து முழுப்பணத்தையும் கேட்கலாம். எனவே கடைக்குச் சென்று பணம் செலுத்தும் இடம், நுழைவாயில், விலைச்சீட்டு ஆகியவற்றைப் பாருங்கள். அறிவிப்பு இருந்தால், அதே கடையில் பிறகு செலவிடும் கடன் சீட்டோ வேறு உடையோ பெற்றுக்கொண்டு திரும்புவதைத் தவிர வழியில்லை. விழா உடைகளுக்குத் தனி விதி வைக்கும் கடைகள் பல; ஓர் இரவு அணிந்துவிட்டுத் திருப்புகிறவர்களால் வந்த வினை அது.

ஒரே உடை இருவருக்கு அமையும் சிக்கலைத் தவிர்க்க, பல பள்ளிகளில் பெண்கள் தமக்குள் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கி, வாங்கிய உடையின் படத்தை இட்டுவைக்கிறார்கள். அடுத்த முறை அதைப் பார்த்த பிறகு பணம் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் உடைக்குப் பணம் கட்டி மூன்று வாரமாகிறது. வரவில்லை. நடனத்துக்குப் பத்து நாட்களே உள்ளன.

பதில்: விற்பனையாளர் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், பொருளை அனுப்பியாக வேண்டும்; இயலாவிட்டால் உங்களுக்குத் தெரிவித்து, ரத்துசெய்து முழுப்பணம் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது மத்திய வணிக ஆணையத்தின் விதி. வெளிநாட்டிலிருந்து இயங்கும் முகவரியற்ற தளத்திடம் இந்த விதியைக் காட்டிப் பணம் பெறுவது கடினம். உங்கள் உண்மையான பாதுகாப்பு கடன் அட்டைதான்: தொகை இடம்பெற்ற முதல் அட்டைக் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் அட்டை நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். இன்றே கடையில், திருப்பித் தரும் வசதியுள்ள இன்னோர் உடையை வாங்கி வைத்துவிடுங்கள். விலைச்சீட்டை நடன நாள்வரை கழற்ற வேண்டாம்.

கேள்வி: மகள் பாவாடை தாவணி அணிந்து செல்ல விரும்புகிறாள். பொருத்தமாக இருக்குமா?

பதில்: தாராளமாக அணியலாம். நவராத்திரிக்கு எடுத்தது ஹோம்கமிங்குக்கும் ஆயிற்று என்றால் செலவும் மிச்சம். அங்கே பெரும்பாலான பெண்கள் குட்டைப் பாவாடை உடையில் வருவார்கள் என்பதை மட்டும் அவளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்தே தேர்ந்தெடுத்தால் அரங்கில் தயங்கி நிற்க மாட்டாள். பள்ளியின் உடை விதியில் இடுப்புத் தெரிவது பற்றி ஏதேனும் கூறப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், தாவணியை நிறைய ஊக்குகளால் குத்தி அனுப்புங்கள்.

கேள்வி: ஹூஸ்டன் அருகே கேட்டியில் இருக்கிறோம். மகனின் நண்பர்கள் பதினாறு பேர் சேர்ந்து பார்ட்டி பஸ் (பாட்டும் விளக்குமாக வாடகைக்கு வரும் கேளிக்கைப் பேருந்து) எடுக்கிறார்கள். ஒரு பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமாம், என்னைக் கேட்கிறார்கள். அது வேண்டாம் என்றால், பதினாறு வயதான மகன் தன் காரிலேயே மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகட்டுமா?

பதில்: கார் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். டெக்சாஸில் 18 வயதுக்கு உட்பட்டவர், உரிமம் பெற்ற முதல் 12 மாதங்களில், குடும்பத்தினர் அல்லாத 21 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மேல் ஏற்றிச் செல்லக் கூடாது. வேலை, பள்ளி நிகழ்ச்சி, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கு அன்றி நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை வண்டி ஓட்டவும் கூடாது. நடனம் பதினொன்றுக்கு முடிந்து, எங்காவது அப்பளம் அளவு பர்கரைத் தின்றுவிட்டுக் கிளம்பினால் நள்ளிரவு தாண்டிவிடும். பெற்றோர் மூவர் மூன்று மினிவேன்களில் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதே மிக மலிவான வழி. பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

பஸ்தான் என்று முடிவானால், கையெழுத்திடும் நீங்கள் ஒருவரே முழுத்தொகைக்கும் சேதத்துக்கும் பொறுப்பாகிறீர்கள் என்பதை உணர்ந்து இடுங்கள். குறைந்தபட்ச மணி நேரம், ஓட்டுநருக்கான அன்பளிப்பு முன்பே சேர்க்கப்பட்டுள்ளதா, சுத்தம் செய்யும் கட்டணம், நேரம் கடந்தால் விகிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். ஓட்டுநர் உட்பட 15 பேருக்கு மேல் ஏற்றும் வகையில் அமைந்த வண்டிக்கு மாநில மோட்டார் வாகனத் துறையின் பதிவு தேவை. எண்ணைக் கேட்டுத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பஸ்ஸிலோ பிறகு யார் வீட்டிலோ மது வழங்கப்படுமா என்பதையும் கூச்சமின்றி விசாரியுங்கள்: டெக்சாஸில் சிறார்க்கு மது வாங்கிக் கொடுப்பது 4,000 டாலர்வரை அபராதத்துக்கும் ஓராண்டுவரை சிறைக்கும் உரிய குற்றம்.

பதினாறு பங்குகளையும் கையெழுத்திடும் முன்பே வசூலித்துவிடுங்கள். நடனத்துக்கு முந்தைய வாரத்தில் பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டு இரண்டு மூன்று பேராவது விலகுவது வழக்கம். விலகுகிறவருக்குப் பணம் திரும்பாது என்பதை வசூலிக்கும்போதே எல்லாப் பெற்றோருக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிடுங்கள்.