காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப வட்டார அவசரகால மேலாண்மையை ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன?

ஒரு வட்டாரத்தின் எச்சரிக்கை, மீட்பு, தங்குமிட ஏற்பாடுகளைப் பழைய பதிவுகளை மட்டும் நம்பி வகுக்காமல், இனி வரக்கூடிய வெள்ளத்தையும் வெப்ப அலையையும் கணக்கில் கொண்டு மாற்றியமைப்பதே இது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவி அதில் தங்க முடியும் என்பதால், பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. முன்பு போதுமாயிருந்த வடிகாலும் படகுகளும் இப்போது போதுவதில்லை. வளரும் பிள்ளைக்குப் போன வருட அளவிலேயே சட்டை தைப்பதைப் போன்றது பழைய திட்டத்தைத் தொடர்வது. சிறியதாகத் தோன்றுபவற்றையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்: நிவாரண முகாமின் ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தால், தண்ணீர் புகுந்தவுடன் விளக்கும் அணைந்துவிடும், மருந்து வைத்த குளிர்பெட்டியும் நின்றுவிடும்.

‘நூறாண்டு வெள்ளம்’ ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த 100 ஆண்டுகளுக்குக் கவலையில்லை எனப் பலர் நினைக்கிறார்கள். அச்சொல் குறிப்பது ஒவ்வோர் ஆண்டும் அதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதையே.