‘உன் ஐபி என் கையில்’ என்று ஒருவர் மிரட்டினால்

கேள்வி: ஆன்லைன் கேம் ஒன்றில் முன்பின் தெரியாத ஒருவரோடு வாக்குவாதம் ஆகிவிட்டது. “உன் ஐபி 192.168.1.4. வீடு எங்கே என்று தெரியும், வந்து பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். என் கணினியில் பார்த்தால் அதே எண்தான் இருக்கிறது! இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஐபியை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா? ஐபி தெரிந்தால் ‘நெட் சென்ட்’ என்று அடித்து அடுத்தவர் திரையில் செய்தி வரவைக்கலாம் என்கிறார்களே, அப்படி என் கணினிக்குள்ளும் எதையாவது அனுப்பிவிடுவாரா?

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். அவர் சொன்ன அந்த எண்ணே அவருக்கு எதுவும் தெரியாது என்பதற்கு நல்ல அடையாளம்.

ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குத் தரப்படும் முகவரி எண். அதில் 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் மட்டும் புழங்குவதற்காக ஒதுக்கப்பட்டவை. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படியே. உங்கள் வைஃபை ரௌட்டர் தன்னிடம் வந்து சேரும் ஃபோன், டிவி, கணினி ஒவ்வொன்றுக்கும் இந்த வரிசையிலிருந்து ஓர் எண்ணைக் கொடுக்கிறது. பெரும்பாலான ரௌட்டர்கள் தனக்கு 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு அடுத்தடுத்த எண்களைத் தரும். இந்த நிமிடம் உலகம் முழுக்க எண்ணற்ற வீடுகளில் ஏதோ ஒரு கருவிக்கு 192.168.1.4 என்ற எண் இருக்கும். அவர் குருட்டாம்போக்கில் அடித்துவிட்டார், அது பொருந்திவிட்டது. ஒருவேளை எப்படியோ தெரிந்தே சொல்லியிருந்தாலும், வெளியிலிருந்து அந்த எண்ணைத் தேடிக்கொண்டு எதுவும் உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. இணையத்தில் அந்த எண்ணுக்கு வழியே கிடையாது.

வெளியுலகம் பார்ப்பது உங்கள் பொது ஐபியை. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் ரௌட்டர் உங்கள் உள் எண்ணை மறைத்துவிட்டு, இணைய சேவை நிறுவனம் கொடுத்த பொது எண்ணை வைத்துத்தான் பேசுகிறது. நமக்குப் பழக்கமான, புள்ளி வைத்த நான்கு பகுதி எண்களில் மொத்தமே சுமார் 430 கோடிதான் உண்டு. அதன் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கின்றன. நீங்களும் அப்படிப்பட்டவரா என்று பார்ப்பது எளிது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்புக்கு, அதாவது ‘வேன்’ (WAN) என்ற இடத்தில், என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ‘என் ஐபி என்ன’ என்று தேடி, வரும் தளம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், அதுவும் ரௌட்டரில் இருப்பது 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால், நீங்கள் பகிர்வு எண்ணில்தான் இருக்கிறீர்கள். அப்போது உங்கள் பொது ஐபி தெரிந்தாலும் அந்நியர் ஒருவர் அதன் வழியே உங்கள் ரௌட்டர் வாசலுக்குக்கூட வர முடியாது. (ஐபியின் 6-ஆம் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. ஆனால் இன்றைய விண்டோஸும் ஃபோன்களும் அந்த எண்ணின் பின்பாதியை அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. கேட்காமல் வெளியிலிருந்து வருவதை ரௌட்டரின் ஃபயர்வால் என்ற தடுப்புச் சுவர் பொதுவாகத் தடுத்துவிடும்.)

சரி, உண்மையான பொது ஐபியே ஒருவருக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிவது மூன்று விஷயங்கள்: எந்த நிறுவனத்தின் இணைப்பு, எந்த நாடு, தோராயமாக எந்த நகரம். அந்த நகரம்கூட ஊகம்தான். நான் என் சொந்த எண்ணை மூன்று தளங்களில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் மூன்று நகரங்களைச் சொன்னன, ஒன்றுகூட நான் இருக்கும் ஊரில்லை. சேவை நிறுவனத்தின் கருவிகள் இருக்கும் இடத்தையோ, எண் பதிவு செய்யப்பட்ட இடத்தையோதான் அவை பெரும்பாலும் காட்டுகின்றன.

இந்த ஊகத்தை உண்மை என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐபிக்கு இடம் சொல்லும் தரவுத்தளம் நடத்துகிறது. ‘அமெரிக்காவில் எங்கோ இருக்கிறது’ என்பதற்கு மேல் தெரியாத ஐபிகளுக்கெல்லாம் நாட்டின் நடுமையம் என்று ஒரு புள்ளியை அது குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான ஐபிகள் அந்த ஒரே வீட்டைக் காட்டின. மோசடி செய்தவரைத் தேடி, காணாமல் போனவரைத் தேடி, திருடியவரைத் தேடி, ஆண்டுக்கணக்கில் போலீஸ் முதல் கோபக்காரத் தனிமனிதர்கள் வரை அந்தக் கதவைத் தட்டினார்கள். அங்கிருந்தவர்களுக்கு ஏன் என்றே புரியவில்லை. 2016-ல் செய்தி வெளிவந்த பிறகுதான் நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவே மாற்றியது. வரைபடத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி தெரிந்தால் அதை முகவரி என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு இதில் மிகவும் வருத்தம் தரும் விஷயம் அதுதான்.

அப்படியென்றால் வீடு யாருக்குத்தான் தெரியும்? சேவை நிறுவனத்துக்குத் தெரியும். எந்த எண், எந்த நேரத்தில், எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்ற பதிவு அவர்களிடம் இருக்கும். பகிர்வு எண்ணாக இருந்தால் நேரத்தோடு போர்ட் எண்ணும் (ஒரே ஐபிக்குள் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக்காட்டும் எண்) தேவைப்படும். அந்தப் பதிவைச் சட்டப்படி கேட்டு வாங்கக்கூடியவர்கள் காவல்துறை, நீதிமன்றம் போன்றவர்கள்தான். கேமில் சண்டை போட்டவருக்கு அது கிடைக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு: உங்களை மிரட்டியவரும் எங்கோ ஒரு நிறுவனத்தின் பதிவில் இருக்கிறார்.

நடைமுறையில் ஒருவரைக் கண்டுபிடிப்பவர்கள் ஐபியை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. கேமில் வைத்த அதே பெயரை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று தேடுவார்கள். அங்கே ஒரு புகைப்படம், படித்த இடம், நண்பர்கள் பட்டியல் எல்லாம் கிடைத்துவிடும். ஐபியே வேண்டுமென்றால் “இந்தப் படத்தைப் பார்” என்று ஒரு சுருக்கிய லிங்க் அனுப்புவார்கள். தொட்ட நொடியில் உங்கள் எண் அவர்களுடைய சர்வரில் பதிவாகிவிடும். அதனால் இன்று இரவு நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது உங்கள் பெயரை நீங்களே தேடிப் பார்ப்பதில்.

இன்னொரு வழி அழைப்புகள். குரல் தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பல செயலிகள் இரண்டு ஃபோன்களையும் நேரடியாக இணைத்துவிடும். அப்போது எதிர்முனைக்கு உங்கள் ஐபி தெரியும். வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புக்குள் ‘மேம்பட்டவை’ என்ற பகுதியில், அழைப்பின்போது ஐபியை மறைக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது. சிக்னலில் அழைப்புகளை எப்போதும் அவர்களுடைய சர்வர் வழியாகவே அனுப்பச் சொல்லலாம். டெலிகிராமில் நேரடி இணைப்பு யாரோடு என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ‘யாரும் வேண்டாம்’ உட்பட. தெரியாதவர்களோடு பேசுபவர்கள் இவற்றைப் போட்டு வைப்பது நல்லது. வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக இணையத்துக்குப் போகவைக்கும் வி.பி.என். பற்றி ஒரு வரி: நீங்கள் போகும் தளத்திடமிருந்து உங்கள் ஐபியை அது மறைக்கும், ஆனால் உங்கள் ஐபியும் நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதும் அந்த வி.பி.என். நிறுவனத்துக்குத் தெரியும். இலவசமாகக் கிடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது நெட் சென்ட். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் ‘நெட் சென்ட்’ என்று தட்டி, கணினியின் பெயரையும் செய்தியையும் போட்டால், அங்கே ஒரு சின்ன சாம்பல்நிறப் பெட்டி குதிக்கும். மேலே ‘மெசஞ்சர் சர்வீஸ்’ என்ற தலைப்பு, உள்ளே யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்ற வரி, கீழே ஓகே பொத்தான். அலுவலக நெட்வொர்க்குக்காக வந்தது அது. அனுப்புபவர் யார் என்று அது சரிபார்த்ததே இல்லை. ரௌட்டர் இல்லாமல் நேரடியாக இணையத்தில் இருந்த கணினிகளுக்கு விளம்பரக்காரர்கள் இதே வழியில் குப்பையைக் கொட்டினார்கள். 2003 அக்டோபரில் அந்தச் சேவையிலேயே ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது: சரியாகத் திரித்த செய்தி ஒன்று போதும், கணினியையே வசப்படுத்திவிடலாம். நீங்கள் பயப்படுவது அன்று நடக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற புதுப்பிப்புத் தொகுப்பு அந்தச் சேவையை அணைத்து வைத்தது. அடுத்து வந்த விஸ்டாவில் அது கிடையாது, இன்றைய விண்டோஸிலும் இல்லை.

அதன் இடத்தில் இருப்பது எம்.எஸ்.ஜி. (msg) என்ற மூன்றெழுத்துக் கட்டளை. விண்டோஸ் ஹோம் பதிப்புகளில் அதுவும் இல்லை. ப்ரோவில் உண்டு. அதற்குப் பின் ஒரு நட்சத்திரக் குறியும் செய்தியும் போட்டால் அதே கணினியில் உள்நுழைந்திருக்கும் எல்லோருக்கும் பெட்டி வரும். வேறு கணினிக்கு அனுப்பப் பார்த்தால் பெரும்பாலும் ‘பிழை 5’ என்றுதான் திரும்பி வரும், அனுமதி இல்லை என்று அர்த்தம். எதிர்க்கணினியில் ரிஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புகளின் பதிவேட்டில் ஓர் அமைப்பை மாற்றி, ஃபயர்வாலில் வழிவிட்டு, உரிமையுள்ள கணக்கும் வைத்திருந்தால்தான் போகும். அந்நியர் ஒருவருக்கு இத்தனையும் கிடைக்காது. உங்கள் வீட்டுக் கணினிகளுக்கிடையே செய்தியோ கோப்போ அனுப்ப ஆசை என்றால் லோக்கல்சென்ட் போன்ற திறந்தமூலச் செயலி போதும். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளைத் தானே கண்டுகொள்ளும், எதிர்முனையில் ஒருவர் ‘சரி’ என்று தொட்டால்தான் பெறும். ‘பிங்’ என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ‘இருக்கிறாயா’ என்று கேட்டுவிட்டு, பதில் எத்தனை மில்லி விநாடியில் வந்தது என்று சொல்லும், அவ்வளவுதான்.

உண்மையான பொது ஐபி தெரிந்தவரால் செய்ய முடிந்த தொல்லை இரண்டு. வீண் போக்குவரத்தைக் குவித்து உங்கள் இணைப்பை மந்தமாக்கலாம். ரௌட்டரில் திறந்து கிடக்கும் வழி, அதாவது போர்ட், ஏதாவது இருக்கிறதா என்று துழாவலாம். முதலாவதற்கு, ரௌட்டரைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுப் போட்டால் பல நிறுவனங்களில் எண் மாறிவிடும், மாறாவிட்டால் அவர்களிடம் சொல்லுங்கள். இரண்டாவதற்கு, ரௌட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள், கேமுக்காக எப்போதோ திறந்துவிட்ட போர்ட்கள் இருந்தால் மூடுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

அவருடைய செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், பயனர்பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அவரைத் தடுத்து, கேம் நடத்துபவர்களிடம் புகார் கொடுங்கள். பதில் எழுத வேண்டாம். மறுபடியும் வந்து, உங்கள் தெருவையோ வீட்டில் இருப்பவர்களின் பெயரையோ சரியாகச் சொன்னால், அது ஐபியிலிருந்து வந்ததில்லை, உங்களைப் பற்றிய வேறு தகவல் அவர் கையில் இருக்கிறது. அப்போது காத்திருக்காமல் அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு காவல்துறைக்குப் போங்கள்.