மேகாலயா போகலாம், மச்சினரின் செலவை உங்கள் கார்டில் போடாமல்

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 18,500. எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 4,000, ஜூலையில் முடியும் நகைச் சீட்டு 5,000. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு வருடமாக மேகாலயா வேர்ப்பாலமும் அசாமின் காசிரங்கா காண்டாமிருகமும் பார்க்க வேண்டும் என்கிறாள். படங்களை வெட்டி பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அவளுக்காக ஆர்.டி.யில் (வங்கித் தொடர் வைப்பில்) 70,000 சேர்த்திருக்கிறேன். இப்போது மனைவியின் தம்பி குடும்பமும் சேர்ந்துகொள்ள, என் அம்மாவோடு மொத்தம் எட்டுப் பேர். அருணாச்சலப் பிரதேசத்தின் தவாங் உட்பட பத்து இரவு, தலைக்கு 38,000 வீதம் 3,04,000 ரூபாய், மே மாதம் பயணம் என்று ஏஜென்ட் சொல்கிறார். பாதியை இப்போதே கார்டில் கட்ட வேண்டும், மீதியை ஆறு மாத நோ-காஸ்ட் இ.எம்.ஐ. ஆக்கலாமாம். "உங்க கார்டுல போட்டுருங்க மாமா, தீபாவளி போனஸ் வந்ததும் குடுத்தர்றனுங்க" என்கிறார் மச்சினர். கார்டில் ஏற்கனவே 1,12,000 பாக்கி. அதில் 74,000 அவருக்கு வாங்கிய ஃபிரிட்ஜும் அவர்கள் குடும்பம் மூணாறு போன செலவும். எட்டு மாதமாக மாதம் 6,000 தவறாமல் கட்டுகிறேன். புதிதாக டிராவல் கார்டு எடுத்தால் பாயின்ட், விமான நிலைய லவுஞ்ச் எல்லாம் கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா? 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன்.
- வாசகர், திருப்பூர்

பதில்: மகளை அழைத்துப் போங்கள். பத்து வயதில் அவளாகவே ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அந்தச் செலவு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மே மாதம் வேண்டாம், எட்டுப் பேராக வேண்டாம், உங்கள் கார்டில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது "தவறாமல் 6,000 கட்டுகிறேன்" என்ற வரிதான். நல்ல பழக்கம் என்று நினைத்து அதை எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கெடுப்பதே அதுதான். பாக்கி வைக்கும் கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 4.13 சதவீதம் ஆகிறது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் சற்றுக் கூடக்குறைய இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். 1,12,000-க்கு இந்த மாத வட்டி மட்டும் 4,625 ரூபாய். நீங்கள் கட்டும் 6,000-ல் அசலுக்குப் போவது 1,375. இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் எட்டு மாதத்துக்கு முன் பாக்கி சுமார் 1,21,000 இருந்திருக்கும். 48,000 கட்டிய பிறகு கடன் குறைந்தது 9,000.

மச்சினர் 74,000 தர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 74,000-க்கு மாதம் மூவாயிரத்துச் சொச்சம் வட்டி ஓடுகிறது. எட்டு மாதத்தில் ஏறக்குறைய 24,000 ரூபாயை அவருக்காக வட்டியாகவே கட்டிவிட்டீர்கள். இது அவருக்குத் தெரியாது. தீபாவளிக்குக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அவரை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் எடுத்துச் சொல்லாதவரை அவர் கண்ணில் அது வட்டியில்லாக் கடன்தான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கார்டில் பாக்கி இருக்கும்போது, புதிதாக எது வாங்கினாலும் அதற்கு அந்த நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆக, பேக்கேஜுக்காக 1,52,000 போட்டால் முதல் மாதமே அதற்கு 6,200-க்கு மேல் வட்டி. பழைய பாக்கியோடு சேர்த்தால் மாதம் 10,900. மீதி 1,52,000-ஐ ஆறு மாத இ.எம்.ஐ. ஆக்கினால் தவணை 25,300. இப்போது வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 62,000-ல் வீட்டுக்கடன் 18,500 போய், இ.எம்.ஐ. 25,300 போய், கார்டு வட்டி 10,900-ம் போனால் கையில் நிற்பது 7,300 ரூபாய். எஸ்.ஐ.பி., நகைச் சீட்டு, பள்ளிக் கட்டணம், மளிகை, அம்மாவின் மருந்து எல்லாம் அதற்குள். கார்டின் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் இந்த நிலை. தீபாவளிவரை எப்படித் தாக்குப் பிடிப்பீர்கள்?

நோ-காஸ்ட் இ.எம்.ஐ. என்ற பெயரை நம்பி இறங்காதீர்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். பயணம் ரத்தானால் சிக்கல் இன்னும் பெரிது. ஏஜென்ட் பணம் திருப்பித் தருவது ஒரு பக்கம், வங்கித் தவணை ஓடுவது ஒரு பக்கம். அந்த டிராவல் கார்டு பற்றி ஒரே வரி: மாதம் 4,600 வட்டி கட்டுகிறவருக்கு எந்த பாயின்ட்டும் லாபம் தராது. லவுஞ்சில் கிடைக்கும் இட்லிக்காக இரண்டாவது கார்டு வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? ஆர்.டி.யை உடையுங்கள். அது மகளின் பணம், தொடக் கூடாது என்று தோன்றும். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆர்.டி. வருடத்துக்கு ஏழு சதவீதமே தந்தாலும், கார்டு ஒன்றே முக்கால் மாதத்தில் அதைத் தின்றுவிடுகிறது. அவளுடைய பணத்தைக் காப்பாற்றவே அதை எடுக்கச் சொல்கிறேன். முன்கூட்டி முடிப்பதற்குக் கொஞ்சம் வட்டி பிடிப்பார்கள், பரவாயில்லை. 70,000 கட்டினால் பாக்கி 42,000.

இந்த 42,000-ஐக் கார்டில் விட்டு மாதம் பத்தாயிரமாகக் கட்டினால் ஐந்து மாதத்தில் முடியும். ஐயாயிரத்துக்கு மேல் வட்டி போகும். மனைவி சம்மதித்தால் வங்கியில் நகைக்கடன் எடுத்து இதையும் ஒரே நாளில் அடைத்துவிடலாம். ஒரு பவுன், மிஞ்சிப்போனால் ஒன்றரைப் பவுன் போதும். பத்து சதவீதம் என்று வைத்தால் முதல் மாத வட்டி 350 ரூபாய், ஐந்து மாதத்துக்கும் சேர்த்து ஆயிரத்துக்குள்தான். அடகுக்கடைக்குப் போகாதீர்கள், வங்கிக்கே போங்கள். நகை அவருடையது என்பதால் முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். தம்பியின் ஃபிரிட்ஜுக்காகத் தன் நகை அடகுக்குப் போகிறது என்பதை அவர் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடட்டும். கார்டை முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி சிறு தொகையாக வரும். அதையும் முழுசாகக் கட்டுங்கள். அதை விட்டுவிட்டுத்தான் பலர் மறுபடி மாட்டுகிறார்கள்.

மாதம் பத்தாயிரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இப்போது கார்டுக்குக் கட்டும் 6,000 இருக்கிறது. எஸ்.ஐ.பி.யை நிறுத்தி அந்த 4,000-ஐச் சேருங்கள். எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொல்வது எனக்கு வழக்கமில்லை. ஆனால் நாற்பது சதவீதத்துக்கு மேல் கடனை வைத்துக்கொண்டு பன்னிரண்டு சதவீதம் வரலாம் என்று ஃபண்டில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. மார்ச்சில் தொடங்கினால் ஜூலையில் நகையும் மீளும், நகைச் சீட்டும் முடியும். ஆகஸ்ட் முதல் 6,000, 4,000, 5,000 மூன்றும் சேர்ந்து மாதம் 15,000. டிசம்பர்வரை 75,000. போனஸ் 50,000 வருமென்றால் 1,25,000.

நான்கு பேருக்கு இது போதும். பயணத்தை அரையாண்டு விடுமுறைக்கு மாற்றுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மே மாதத்தில் மேகாலயாவில் மழை பிடித்துவிடும், சிரபுஞ்சி என்ற பெயரை நாம் படித்ததே மழைக்காகத்தானே. டாக்கியில் உம்ங்கோட் ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி போலத் தெரிவது குளிர்காலத்தில்தான். காசிரங்காவைப் பருவமழைக்கு மூடிவிடுவார்கள். மே மாதத்தில் ஜீப் எந்தத் தேதிவரை ஓடும் என்பது அந்த வருட மழையைப் பொறுத்தது. மூன்று லட்சம் கொடுத்துப் போய்க் காண்டாமிருகத்தைப் பார்க்காமல் திரும்பினால் அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வீர்கள்? 2022 கணக்கெடுப்பில் அங்கே 2,613 காண்டாமிருகங்கள். டிசம்பரில் போனால் பார்க்காமல் திரும்புவது அரிது.

தவாங்கை எடுத்துவிடுங்கள். மகள் அதைக் கேட்கவே இல்லை. பேக்கேஜைப் பெரிதாக்க ஏஜென்ட் சேர்த்தது அது. குவாஹாட்டியிலிருந்து சாலை வழியே போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வழியில் சேலா கணவாய் 13,000 அடிக்கு மேல். அருணாச்சலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டும் வேண்டும். உங்கள் அம்மாவை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை என்ன? அசாமுக்கும் மேகாலயாவுக்கும் அந்த பெர்மிட் தேவையில்லை. ஆறு இரவு போதும். ஷில்லாங்கில் இரண்டு, சோரா எனப்படும் சிரபுஞ்சியில் ஒன்று, காசிரங்காவில் இரண்டு, குவாஹாட்டியில் ஒன்று.

வேர்ப்பாலம் என்றதும் எல்லோரும் நோங்ரியாட்டின் இரட்டை அடுக்குப் பாலத்தைச் சொல்வார்கள். அதற்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். மவ்லின்னாங் பக்கத்தில் ரிவாய் கிராமத்திலும் ஒன்று இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கிச் சிறிது தூரம் படிகளில் நடந்தால் வந்துவிடும். காசி மக்கள் ரப்பர் அத்தி மரத்தின் உயிருள்ள வேர்களை ஓடைக்குக் குறுக்கே வளைத்து, வருடக்கணக்கில் வளரவிட்டு உண்டாக்கியது அதுவும்தான். பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம்.

செலவுக்கு வருகிறேன். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர் வழியாகப் போகிறது. இரண்டு நாளுக்கு மேல் ஆகும், அந்த வயதுக் குழந்தைக்கு அதுவே பயணத்தில் பாதி. மூன்றடுக்கு ஏசி ஆளுக்கு 3,000 பக்கம், நால்வருக்கு 12,000. மகளுக்கு பெர்த் கேட்டால் முழுக் கட்டணம்தான். அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் சலுகை 2020-லேயே போய்விட்டது. அறுபது நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கும் என்பதால் அக்டோபர் கடைசி வாரத்தைக் குறித்து வையுங்கள். திரும்ப விமானம், கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஆளுக்குப் பத்தாயிரம் என்று வைத்து 40,000. அக்டோபர் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள், ஆகஸ்டிலிருந்து சேர்த்தது அதற்குச் சரியாக இருக்கும். வண்டி ஆறு நாளுக்கு 27,000. தங்கும் அறை இரண்டு, ஆறு இரவுக்கு 22,000. சாப்பாடு 15,000, சஃபாரி, படகு, நுழைவுக் கட்டணம் 8,000. மொத்தம் 1,24,000. இழுத்துப் பிடித்த கணக்குதான், ஷில்லாங் போலீஸ் பஜாரில் சால்வை வாங்க இடமில்லை. சஃபாரி வாடகை ஜீப்புக்குத்தான், தலைக்கு அல்ல என்பதால் அங்கே நான்கு பேருக்கு லாபம். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். காலை ஆறு மணிக்குக் கிளம்பும்படி டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வண்டி வாடகையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

எல்.டி.ஏ. (விடுப்புப் பயணப்படி) காட்டி வரி மிச்சம் பண்ணலாம் என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். அது பழைய வரி முறைக்கானது. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, அதன் பின்னால் அலைய வேண்டாம்.

மச்சினர் விஷயம். அவரும் வரலாம், குழந்தைகள் சேர்ந்து போவது நல்லதுதான். அவர் டிக்கெட்டை அவர் எடுக்கட்டும், அவர் அறைக்கு அவர் கட்டட்டும். எட்டுப் பேர் என்றால் டெம்போ டிராவலர் எடுத்து வாடகையைப் பாதியாகப் பிரிக்கலாம், அவர் பங்கு கிளம்பும் முன்பே கைக்கு வந்தால். பழைய 74,000-ஐப் பற்றிப் பேசும்போது மனைவியும் கூட இருக்கட்டும், ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள். கட்டிய வட்டியைச் சொல்லுங்கள், ஆனால் கேட்காதீர்கள். "மாதம் ஐயாயிரம், ஐந்தாம் தேதி என் கணக்குக்கு வர்ற மாதிரி வங்கியில் சொல்லி வைங்க" என்று கேளுங்கள். பதினைந்து மாதத்தில் தீரும். வராமலும் போகலாம். அதனால்தான் மேலே போட்ட கணக்கில் அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட நான் சேர்க்கவில்லை.

பேசிய அன்றே கார்டு ஆப்பில் லிமிட்டை 50,000-க்குக் குறைத்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது "உங்க கார்டுல" என்று ஆரம்பித்தால், லிமிட் இல்லை என்பது பொய்யில்லாத பதிலாக இருக்கும்.

பேக்கேஜை ரத்து செய்வதாக ஏஜென்ட்டுக்கு இன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி, கொடுத்த 5,000 முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். "டிசம்பருக்கு மாற்றித் தருகிறோம், அதே பேக்கேஜ்" என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அந்த ஐயாயிரத்தை மீட்பதற்காக மூன்று லட்சத்தில் இறங்காதீர்கள்.