முதல் பத்து லட்சத்துக்குத்தான் பெரிய விருந்து

சீக்கிரம் வேலையை விட்டுவிட வேண்டும் என்று திட்டம் போட்டுச் சேமிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, "எவ்வளவு சேர்த்தால் போதும்?" என்றுதான். இந்த முறை வந்த கேள்விகள் கொஞ்சம் வேறு ரகம். சேர்த்தாகிவிட்டது; இப்போது அதைக் கொண்டாடலாமா, எப்படிக் கொண்டாடுவது, யாரிடம் சொல்வது என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

ஓசூர் வாசகர்: எனக்கு 28 வயது. உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. 45-ல் வேலையை விட ஆசை. மாதம் 20,000 ரூபாய் போட்டு வருகிறேன். போன மாதம் மொத்தச் சேமிப்பு 10 லட்சத்தைத் தொட்டது. ரூம் நண்பர்களுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். "கோடி வந்தா கொண்டாடு, இதுக்கெல்லாமா?" என்று கிண்டல் செய்கிறார்கள். அவசரப்பட்டுவிட்டேனா சார்?

பிரியாணியையும் சாப்பிட்டுவிட்டுக் கிண்டலும் செய்கிறார்களா? அடுத்த முறை தயிர்சாதம் வாங்கிக் கொடுங்கள்.

நீங்கள் செய்தது சரி. சொல்லப்போனால் ஒரு கோடிக்கு வைப்பதைவிட முதல் 10 லட்சத்துக்குத்தான் பெரிய விருந்து வைக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். மாதம் 20,000 ரூபாய் முதலீடு, மாதத்துக்கு 1 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். சந்தை இப்படி நேர்கோட்டில் வளராது. புரிவதற்காக மட்டும் இந்தக் கணக்கு. முதல் 10 லட்சம் சேர சுமார் 41 மாதம் ஆகும். இரண்டாவது 10 லட்சத்துக்கு 29 மாதம். ஐந்தாவதுக்கு 15, 16 மாதம். ஒரு கோடியை முடித்து வைக்கும் பத்தாவது 10 லட்சம் 9 மாதத்திலேயே வந்துவிடும். மொத்தம் 15 வருடம். அதில் மூன்றரை வருடத்தை முதல் 10 லட்சமே தின்றுவிடுகிறது.

காரணம் எளிது. ஆரம்பத்தில் முழு வேலையையும் நீங்கள்தான் செய்கிறீர்கள். அந்த முதல் 10 லட்சத்தில் 8 லட்சத்துக்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போனது. பத்தாவது 10 லட்சத்தில் உங்கள் கைக்காசு 2 லட்சம்கூட இருக்காது. மீதியெல்லாம் பணம் போட்ட குட்டி. உழைப்புக்குத்தான் விருந்து என்றால் எது பெரிய விருந்து?

பெரும்பாலானோர் கவனிக்காத இன்னொரு மைல்கல்லையும் சொல்கிறேன், குறித்து வையுங்கள். இதே கணக்கில் 20 லட்சம் சேரும்போது, அதாவது கிட்டத்தட்ட ஆறாவது வருட முடிவில், ஒரு மாத வளர்ச்சியே 20,000 ரூபாய். நீங்கள் போடுவதும் பணம் தானாகச் சம்பாதிப்பதும் சமமாகிவிடும். அதற்கப்புறம் வீட்டில் சம்பாதிப்பவர்கள் ஒருவர் அல்ல, இருவர். 25 லட்சம், 50 லட்சம் என்ற உருண்டை எண்களைவிட என் கணக்கில் இதற்கு மதிப்பு அதிகம்.

கோவை வாசகி: இருவரும் வேலைக்குப் போகிறோம். சேமிப்பு 25 லட்சம் ஆனதைக் கொண்டாட கார் வாங்கலாம் என்கிறார் கணவர். பத்து வருட இ.எம்.ஐ. இல்லை, ஐந்து வருடம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் கஞ்சத்தனம் செய்கிறேனா?

இல்லை. இ.எம்.ஐ. ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்பார் அவர். சரி, அதை விட்டுவிடுவோம். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பார்க்கிங் என்று மாதம் 8,000 ரூபாய் என்று மட்டும் வையுங்கள். வருடத்துக்கு 96,000. ஓய்வுக்கால நிதியை வருடச் செலவின் 30 மடங்கு என்று நிர்ணயித்திருந்தால், இந்த ஒரு செலவுக்காகவே இலக்கு 28.8 லட்சம் மேலே போகிறது. 25 லட்சம் சேர்த்ததைக் கொண்டாடப் போய், சேர்க்க வேண்டியதை அதற்கும் மேலே ஏற்றிவிடுகிறீர்கள்.

கார் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வயதான பெற்றோர், பள்ளி போகும் பிள்ளைகள் இருந்தால் அது தேவை. தேவை என்றால் தேவை என்றே வாங்குங்கள். கொண்டாட்டம் என்று பெயர் வைக்காதீர்கள். கொண்டாட்டம் ஓரிரு நாளில் முடிய வேண்டும். மறுமாதமும் பில் அனுப்பினால் அதற்குப் பெயர் வேறு. ஊட்டிக்கு இரண்டு நாள் போய்விட்டு வாருங்கள், வாடகைக் காரில்.

மதுரை வாசகர்: 14 வருட வீட்டுக்கடனை இந்த மாதம் அடைத்துவிட்டேன். எனக்கு இதுதான் மிகப் பெரிய மைல்கல். குலதெய்வம் கோவிலில் பொங்கல் வைக்கப் போகிறோம். வேறு என்ன செய்யலாம்?

பொங்கல் வையுங்கள். ஆனால் அதற்கு முன் சில காகித வேலைகள் இருக்கின்றன. கடைசித் தவணை கட்டியதும் "முடிந்தது" என்று நினைத்துவிட்டு, பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது திண்டாடுகிறவர்கள் நிறைய.

முதலில் கடன் நிலுவை இல்லை என்ற சான்றிதழ். அடுத்தது அசல் பத்திரங்கள். கடன் முழுதாக அடைபட்ட 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். சொத்தின் மேல் பதிவாகியுள்ள கடன் பொறுப்புகளையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வங்கிக் கிளையில் இந்த விதியைத் தெரிந்தவராகப் பேசுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

பத்திரங்களை வாங்கும்போது உறையை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடன் வாங்கிய அன்று கொடுத்த ஆவணங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்: கிரையப் பத்திரம், மூலப்பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம். பக்கங்களையும் எண்ணுங்கள். மூலப்பத்திரத்தில் ஒரு தாள் குறைந்தாலும் அங்கேயே எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் கேட்டால் "நாங்கள் கொடுத்துவிட்டோமே" என்பார்கள்.

அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாட்டில் வீட்டுக்கடனுக்குப் பத்திரத்தை ஒப்படைத்ததே ஓர் ஆவணமாகப் பதிவாகியிருக்கும், எம்.ஓ.டி. என்பார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் அதேபோல் பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். பதிவு முடிந்து சில நாள் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதில் ரசீது விவரம் ஏறியிருந்தால் வீடு முழுக்க உங்களுடையது. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் கடன் மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, அந்த இ.எம்.ஐ. தொகை. அடுத்த மாதம் அது சம்பளக் கணக்கில் சும்மா கிடந்தால் எங்கே போனதென்றே தெரியாமல் போய்விடும். முதல் மாதத்துத் தொகையை முழுக்கக் குடும்பத்துக்குச் செலவழியுங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து அதே தேதியில் எஸ்.ஐ.பி., அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போகும் முதலீடு.

திருச்சி வாசகர்: 50 லட்சம் தொட்டதும் மனைவிக்குப் பட்டுப்புடவை எடுத்தேன். அடுத்த மாதமே சந்தை விழுந்து 46 லட்சம் ஆகிவிட்டது. புடவையைப் பார்த்தாலே சங்கடமாக இருக்கிறது.

புடவை என்ன பாவம் செய்தது! 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. அதே வருடம் நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது. பங்கு சார்ந்த பணத்தில் மைல்கல்லைத் தாண்டுவதும் பின்னுக்கு வருவதும் ஒரே இலக்கை இரண்டு மூன்று முறை நடந்து கடப்பதும் சகஜம். வேண்டுமானால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தொடர்ந்து மூன்று மாதக் கடைசியிலும் அந்த எண்ணுக்கு மேல் இருந்தால்தான் கொண்டாட்டம். ஆனால் 46 மறுபடி 50 ஆகும்போது இரண்டாவது புடவை கிடையாது.

வேலூர் வாசகி: கொண்டாட்டச் செலவுக்கு மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்களைக் கொஞ்சம் விற்கலாமா?

வேண்டாம். வரி இதில் பெரிய தடை இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்ட் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். பிரச்சினை பழக்கம். ஒருமுறை கை வைத்த உண்டியலில் மறுமுறை கை வைக்கக் கூச்சம் இருக்காது. மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ தனியாக ஓர் ஆர்.டி. (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். அதில் இருப்பதுதான் கொண்டாட்டத்தின் அளவு.

நாகர்கோவில் வாசகி: ஆசிரியையாக இருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. 40 லட்சம் சேர்த்திருக்கிறேன். அண்ணன்களிடம் சொல்லி சந்தோஷப்பட ஆசை. அம்மா "கண் பட்டுடும், சொல்லாதே" என்கிறார்.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். கண் படுமோ படாதோ, கைமாத்து கேட்டு போன் வரும். தொகை தெரிந்த பிறகு "இல்லை" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று, சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "நினைச்ச ஒரு விஷயம் நடந்துச்சு" என்று சொல்லி எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிடுங்கள். சந்தோஷத்தைப் பகிரலாம், எண்ணைப் பகிர வேண்டாம்.

ஆனால் ஒருவருக்காவது முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எந்தெந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, நாமினி யார் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அப்பா பெயரை நாமினியாகப் போட்டுவிட்டு, அவர் காலமான பிறகும் மாற்றாதவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு மைல்கல்லிலும் விருந்தோடு இந்தத் தாளையும் சரிபார்த்துவிடுங்கள்.

சென்னை வாசகர்: வயது 42. ஐ.டி. வேலை. ஒரு கோடி சேர்ந்துவிட்டது. மாதச் செலவு 50,000. வேலையை விட்டுவிட்டு, ஓய்வு பெற்றதையும் சேர்த்தே கொண்டாடலாமா?

கோடியைக் கொண்டாடுங்கள். ராஜினாமாக் கடிதத்தைக் கொஞ்சம் உள்ளே வையுங்கள்.

உங்கள் வருடச் செலவு 6 லட்சம். ஒரு கோடி என்பது இன்றைய விலைவாசியில் பதினாறரை வருடச் செலவு. வருடச் செலவின் 25 மடங்கு போதும் என்று பரவலாகச் சொல்லப்படுவது, அமெரிக்காவில் 1990-களில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அந்த ஊர்ப் பங்குகள், அந்த ஊர்ப் பணவீக்கம், 30 வருட ஓய்வுக்காலம். உங்களுக்கு 42 வயது. பணம் 45 வருடம் வர வேண்டியிருக்கலாம். 6 சதவீத விலையேற்றத்தில் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகிவிடும். 30 முதல் 35 மடங்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்: 1.8 கோடி முதல் 2.1 கோடி வரை. சொந்த வீட்டின் மதிப்பை அதில் சேர்க்காதீர்கள்.

இனிமேல் கோடிகளில் எண்ணுவதை நிறுத்திவிட்டு வருடங்களில் எண்ணுங்கள். "20 வருடச் செலவு கையில் இருக்கிறது" என்பதுதான் உங்களுக்கு அடுத்த மைல்கல். செலவு ஏறினால் அந்த எண் தானாக இறங்கும், ஏமாற்ற முடியாது.

இன்னொன்று, மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும். தனி பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை இருக்கலாம். வேலையில் இருக்கும்போதே எடுத்து அந்தக் காலத்தைக் கழித்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. இந்த வருடக் கொண்டாட்டத்தை அதிலிருந்தே தொடங்கலாம், சுவாரசியம் இல்லாவிட்டாலும்.

சேலம் வாசகர்: பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு 15 வருடம் முடிகிறது. மொத்தமாக எடுத்து நகை வாங்கிக் கொண்டாடலாம் என்று வீட்டில் பேச்சு.

ஐந்து வருடத்துக்கு நீட்டியுங்கள். தொடர்ந்து பணம் போட விரும்பினால், முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் படிவம் 4 கொடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் கணக்கு தொடரும், வட்டியும் வரும், புதிதாகப் பணம் போட முடியாது. பணம் போட்டு நீட்டிக்கும்போது, அந்த ஐந்து வருடத்தில் தொடக்க இருப்பில் 60 சதவீதம் வரை எடுக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை. அதனால் நகைக்கு வேண்டியதை எடுக்க வழி இருக்கிறது. கணக்கை மூட வேண்டியதில்லை. இப்போதைய 7.1 சதவீத வட்டிக்கு வரி கிடையாது, அதை மூடிவிட்டு வேறெங்கே வைப்பீர்கள்? நகை வாங்குவதென்றால் செய்கூலி, சேதாரம் பார்த்து வாங்குங்கள். படிவத்தை மட்டும் முதலில் கொடுத்துவிடுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.