அறக்கட்டளைப் பணத்தை வாங்கலாம், அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் காண்ட்ராக்டரிடம் 9 வருடம் வேலை பார்த்த என் கணவர், டேங்க் கழுவ இறங்கியபோது வாயு தாக்கி இறந்துவிட்டார். வயது 40, சம்பளம் 16,000. அந்த ஆலை முதலாளி எங்கள் ஊரில் பள்ளிக் கட்டடம் கட்டியவர், கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுத்தவர். எங்கள் வீட்டுக்கு ஆறுதல் சொல்லக்கூட வரவில்லை. இப்போது அவர்களுடைய அறக்கட்டளை 6 லட்சம் தருவதாகச் சொல்லி முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறது. நகல் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள்.

பதில்: சகோதரி, அவர் பள்ளி கட்டியதற்கும் உங்கள் வீட்டுப் படி ஏறாததற்கும் எந்த மன்றத்திலும் எடை இல்லை. கேள்வி ஒன்றுதான். இறந்த நேரத்தில் உங்கள் கணவர் அந்த ஆலையின் வேலையில் இருந்தார் என்பது காகிதத்தில் நிற்கிறதா?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருவார். காண்ட்ராக்ட் ஆளானாலும் சந்தா கட்டும் பொறுப்பு முதலில் ஆலைக்குத்தான். காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது. வேலையில் நேர்ந்த மரணம் என்று உறுதியானால் சம்பளத்தில் 90 சதவீதம், ஏறக்குறைய 14,400 ரூபாய், மாதாமாதம் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்து வரும். உங்கள் பங்கு, மறுமணம் செய்யாதவரை, ஆயுள் முழுக்க. அவர்கள் தருகிற 6 லட்சம் அதில் மூன்றரை வருடப் பணம்.

இனி அந்தப் பத்திரம். மூன்றாவது பத்தியில் "இறந்தவர் எங்கள் ஊழியர் அல்லர், மனிதாபிமான அடிப்படையில் உதவுகிறோம்" என்று இருக்கிறது. இது தற்செயலாக விழுந்த வரி அல்ல. பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். சொந்த ஊழியருக்குச் செய்வதை அந்தக் கணக்கில் எழுத முடியாது. இந்தப் பணமும் அந்தக் கணக்கில் வருவதானால், கொடை என்று காட்ட உங்கள் கணவர் அந்நியராகியே தீர வேண்டும். ஒன்பது வருடம் அவர்களுடைய டேங்கைக் கழுவியவர்! இதை எழுதும்போது எனக்கே நெஞ்சு பதறுகிறது.

"உரிமை எதையும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. இதை நம்பித்தான் பலர் தைரியமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் "அவர் ஊழியர் அல்லர்" என்று எழுதிக் கொடுப்பது உரிமையை விடுவதல்ல, உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்வது. என்னிடம் வந்த ஒரு குடும்பம் அந்த ஒரு வரியைத் துடைக்க நான்கு வருடம் அலைந்தது. எஃப்ஐஆரையும் உடனே வாங்கிப் படியுங்கள். "உடல்நலக் குறைவால் மயங்கி விழுந்தார்" என்று இருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு வாருங்கள், அதுதான் முதல் வேலை.

இழப்பீட்டு வழக்குப் போடலாம் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். இஎஸ்ஐக்குள் வருபவருக்கு அந்த வழி அடைபட்டது. ஆலை இரண்டு வருடம் வாய்தா வாங்கிவிட்டு அதைச் சொல்லும்.

அறக்கட்டளையோடு சண்டை வேண்டாம். பேசி முடியுங்கள். "எங்கள் ஆலையில் பணியின்போது இறந்த" என்று மூன்றாவது பத்தியைத் திருத்தினால் 6 லட்சத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், இஎஸ்ஐ பணம் அதனால் குறையாது. திருத்த மறுத்தால் அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள்.

கேட் பாஸ், பிஎஃப் எண், சம்பளம் ஏறிய பாஸ்புக், மேஸ்திரி அனுப்பிய ஷிப்ட் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "செட்டில்மென்ட்டுக்கு வேண்டும்" என்று காண்ட்ராக்டர் ஆள் வந்து கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.