ட்விலைட் ஸ்ட்ரகிளா, இம்பீரியல் ஸ்ட்ரகிளா?

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். புதுச்சேரியிலிருந்து மச்சான் மாதம் ஒரு ஞாயிறு வருவார். இருவரும் செஸ் ஆடுவோம். வரலாற்றுப் போர்டு கேம் ஒன்று வாங்க ஆசை. மேலே சொன்ன இரண்டையும் ஒரே ஆட்கள்தான் உருவாக்கினார்களாம். இம்பீரியலில் நம்ம ஊர்ச் சண்டை வருவதால் அதையே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ட்விலைட்டில் தொடங்குங்கள்.

ஆசை புரிகிறது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்ததும், 1761-இல் புதுச்சேரியே ஆங்கிலேயர் கைக்குப் போனதும் உங்கள் இருவருக்கும் சொந்த ஊர்க் கதை. ஆனால் இம்பீரியல், 1697 முதல் 1789 வரையிலான பிரிட்டன் - பிரான்ஸ் போட்டியை லண்டனிலும் வெர்சாயிலும் உட்கார்ந்து நடத்தும் ஆட்டம். ஐரோப்பா, வட அமெரிக்கா, கரீபியன், இந்தியா என நான்கு வட்டாரங்களில் நம்முடையது ஒன்று, அவ்வளவுதான். கெடிலக்கரையில் பீரங்கி நகர்த்தலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். சந்தை, கூட்டணி, கடன் என்று கணக்குப் பார்ப்பதிலேயே பாதி நேரம் போகும்.

பகடை கிடையாது என்பதால் செஸ்காரர்களுக்கு அது பிடிக்கும், மறுக்கவில்லை. விதிகள்தான் சிக்கல். ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. மாதம் ஒருமுறை ஆடினால் ஒவ்வொரு தடவையும் விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கு எந்த மச்சானுக்கும் பொறுமை இருக்காது.

2005-இல் வந்த ட்விலைட், அமெரிக்க - சோவியத் பனிப்போர். அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆட்டம் இரண்டு மூன்று மணி நேரம். அதன் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. ஒவ்வொரு கார்டிலும் ஓர் எண்ணும் (அதை வைத்து எவ்வளவு செய்யலாம் என்பது) ஒரு நிகழ்வும் உண்டு. எதிராளிக்குச் சாதகமான கார்டு உங்கள் கைக்கு வந்தால், எண்ணை நீங்கள் பயன்படுத்தலாம். நிகழ்வும் அவருக்காக நடந்தே தீரும். ஆகவே, எந்தத் தொல்லையை எப்போது இறக்குவது என்பதுதான் ஆட்டமே. பெரும்பாலான கார்டுகளை விண்வெளிப் போட்டியில் தள்ளித் தப்பிக்கவும் வழி உண்டு, ஒரு சுற்றில் பொதுவாக ஒன்றைத்தான். பகடை உண்டு, ஆட்சிக் கவிழ்ப்பில் உருட்டியாக வேண்டும். செஸ் மூளைக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

கார்டுகளை அறிந்தவரிடம் புதியவர் தோற்பது நிச்சயம். நீங்கள் இருவரும் சேர்ந்தே கற்பதால் அந்தக் கவலை இல்லை. அணு ஆயுதப் போர் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று காட்டும் டெஃப்கான் அளவு மட்டும் கவனம்: உங்கள் முறையில் அது ஒன்றுக்கு இறங்கினால், கார்டு யாருடையதாக இருந்தாலும் தோற்பது நீங்கள்தான்.

வாங்குமுன் இதன் கணினிப் பதிப்பில் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். பெட்டியை விட மலிவு. பெட்டி வாங்கினால் கார்டுகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். நம் கடற்காற்றில் அட்டை வளைந்துபோகும், வளைந்த கார்டு கலைக்கும்போதே காட்டிக்கொடுக்கும்.

முதல் ஆட்டத்தில், இருவரில் பொறுமைசாலி அமெரிக்காவை எடுக்கட்டும். தொடக்கம் சோவியத்துக்குச் சாதகம், கடைசிச் சுற்றுகள் அமெரிக்காவுக்கு.